மங்கினாலும் நிற்காத படம்

பேருந்தில் உங்கள் அருகே அமர்ந்திருப்பவர் கைபேசியில் பாடம் ஒன்றை வீடியோவாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து ஊருக்குள் செல்லும்வரை படம் தெளிவாக இருக்கிறது. கரும்பலகையில் எழுதப்பட்ட சிறிய எழுத்துகளைக் கூடப் படிக்க முடிகிறது. ஊரைத் தாண்டியதும் படம் சட்டென்று மங்குகிறது. எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. ஆனால் ஆசிரியரின் குரல் அறுபடவில்லை; படமும் நிற்கவில்லை. அடுத்த ஊர் நெருங்கியதும், யாரும் எதையும் தொடாமலேயே படம் மீண்டும் தெளிவடைகிறது.

இது கைபேசியின் கோளாறா? அல்லது வீடியோவை அனுப்பும் நிலையத்தின் கோளாறா? இரண்டும் அல்ல. ஊரைத் தாண்டிய வேளையில் கைபேசி ஒரு கணக்கைப் போட்டது. "தெளிவைக் குறைத்துக்கொண்டால் படம் ஓடும், குறைக்காவிட்டால் விரைவில் நின்றுவிடும்" என்பது அந்தக் கணக்கின் விடை. பத்தாம் வகுப்பு மாணவருக்கு எட்டாத கணக்கன்று அது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு வினாடிப் படத்தின் பாரம்

திரையில் தெரியும் படம் பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. தெளிவான ஒரு வீடியோவில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் இருக்கும். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் தேவை. வினாடிக்கு 25 படங்கள் வீதம் காட்டினால்தான் அசைவு இயல்பாகத் தோன்றும். இம்மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். வினாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள்! இவ்வளவையும் அப்படியே அனுப்புவதென்றால் பெரும்பாலான வீட்டு இணைப்புகள் தாங்கமாட்டா.

நல்ல வேளையாக, படத்தில் உள்ள செய்தி முழுவதும் புதிய செய்தி அன்று. நீல வானத்தில் ஒரு புள்ளியும் அதன் பக்கத்துப் புள்ளியும் ஏறக்குறைய ஒரே நிறம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கரும்பலகை மாறுவதில்லை. ஆசிரியரின் கை மட்டுமே நகர்கிறது. எனவே மாறியதை மட்டும் அனுப்பினால் போதும்.

இதற்கு மேலும் ஒரு வழி உண்டு. வீணைத் தந்தியின் ஒலியை அடிப்படைச் சுரமாகவும் மேற்சுரங்களாகவும் பிரிக்கலாம் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். அதைப் போலவே படத்தின் ஒரு சிறு கட்டத்தையும், ஒளி மெல்ல மாறும் பரும்படியான அலைகள், விரைந்து மாறும் நுண்ணிய அலைகள் என்று பிரிக்க முடியும். நுண்ணிய அலைகளில் பல மிகச் சிறியவை. அவற்றைக் கழித்துவிட்டாலும் கண் அவ்வளவாக உணர்வதில்லை. இவ்வாறு பிரிப்பதற்கு இன்று பெரிதும் பயன்படும் கணித முறையை, 1940-இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்பவர், நடராஜன், ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்டார். இன்றைய சுருக்க முறைகள் பலவும் அதன் வழிவந்தவையே. இவற்றின் உதவியால் 124 கோடி பிட்டுகளைச் சுமார் 50 இலட்சம் பிட்டுகளாக, அதாவது 5 மெகாபிட்டாகச் சுருக்கிவிடலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை நுண்ணலைகளைக் கழிப்பது என்பது நம் விருப்பம். குறைவாகக் கழித்தால் படம் தெளிவு, பாரம் அதிகம். நிறையக் கழித்தால் படம் மங்கல், பாரம் குறைவு. ஆகவே ஒரே பாடத்தை வினாடிக்கு 5 மெகாபிட், 2.5 மெகாபிட், 1 மெகாபிட், 0.5 மெகாபிட் என்று பல பாரங்களில் தயாரித்து வைத்துக்கொள்ளலாம். இதை ஒரு ஏணி என்று கொள்வோம். மேற்படியில் தெளிவான படம். கீழ்ப்படியில் மங்கலான படம்.

பாதை ஏன் குறுகுகிறது?

கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே செய்தி ரேடியோ அலைகளாகச் செல்கிறது. தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. சுவர்களும் மலைகளும் மேலும் அதைக் குறைக்கின்றன. செறிவு குறைந்தால் செய்தி செல்லும் வேகம் ஏன் குறைய வேண்டும்? இதற்கு விடை சொன்னவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். 1948-இல் அவர் வகுத்த விதி இது: ஒரு தடத்தில் வினாடிக்கு அனுப்பக்கூடிய பிட்டுகளின் உச்ச அளவு, அந்தத் தடத்தின் அலைவெண் அகலத்தை, (1 + சைகை ÷ இரைச்சல்) என்பதன் மடக்கையால் பெருக்கக் கிடைப்பதாகும். மடக்கையின் அடிமானம் 2.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். தடத்தின் அகலம் 10 மெகாஹெர்ட்ஸ். சைகை, இரைச்சலைப் போல் 15 மடங்கு. 1 + 15 = 16; அதாவது 2-இன் நான்காம் அடுக்கு. ஆகவே மடக்கை 4. உச்ச வேகம் வினாடிக்கு 40 மெகாபிட். பேருந்து தொலைவில் சென்று, சைகையும் இரைச்சலும் சமமாகிவிட்டால் 1 + 1 = 2; மடக்கை 1. உச்ச வேகம் 10 மெகாபிட்டாக இறங்கிவிடுகிறது. இதையும் ஒருவரே அனுபவிப்பதில்லை. அந்தத் தடத்தை 20 பேர் சமமாகப் பங்கிட்டுக் கொண்டால் ஒருவருக்குக் கிடைப்பது அரை மெகாபிட்தான். பேருந்தின் நகர்வு, கோபுரத்தின் கீழ் உள்ள கூட்டம் ஆகிய இரண்டுமே நொடிக்கு நொடி மாறுவன. எனவே வேகமும் மாறிக்கொண்டேயிருக்கும்.

1986-ஆம் ஆண்டின் பாடம்

கம்பி வழியே செல்லும் இணையத்திலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. பழைய தொலைபேசியில் இருவர் பேசத் தொடங்கினால் அவர்களுக்கென்றே ஒரு தடம் ஒதுக்கப்பட்டது. இணையம் அப்படியன்று. செய்தி சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, எல்லோருக்கும் பொதுவான பாதையில் அனுப்பப்படுகிறது. கூட்டம் மிகுந்தால் பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கும். வரிசையிலும் இடமில்லையெனில் அவை கைவிடப்படும்.

1986 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே உள்ள தொலைவு 400 கஜம்தான். அவற்றினிடையே வினாடிக்கு 32,000 பிட்டுகளாகச் சென்றுகொண்டிருந்த செய்தி, வினாடிக்கு 40 பிட்டுகளாகச் சரிந்தது! கம்பி எதுவும் அறுந்துவிடவில்லை. பிறகு நடந்தது என்ன? பாதையில் நெரிசல் ஏற்பட்டு, பொட்டலம் வந்து சேர்ந்ததற்கான ஒப்புதல் தாமதமாயிற்று. ஒப்புதல் வராததால் அனுப்பியவர்கள் அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்பினார்கள். அதனால் நெரிசல் இன்னும் கூடியது. ஒவ்வொருவரும் தத்தம் காரியத்தைக் காக்க முயன்றதில் யாருடைய காரியமும் நடைபெறவில்லை.

இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் தீர்வையும் தந்தார். பொட்டலங்கள் ஒழுங்காகச் சேரும்வரை அனுப்பும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டு. ஒன்று தொலைந்தது தெரிந்தால் அளவை உடனே வெட்டிக் குறை. இந்தக் கட்டுப்பாட்டின் வழிவந்த முறைகளே இன்றும் இணையத்தைக் காத்து வருகின்றன. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எவருக்கும் நிலையான வேகம் கிடைக்காது. ஏறி ஏறி இறங்கும் வேகம்தான் கிடைக்கும்.

படமோ ஒரே சீராக ஓட வேண்டும். சீரற்ற வரவைக் கொண்டு சீரான செலவை எப்படி நடத்துவது? இதுதான் நம் முன் உள்ள வினா.

துண்டுகளும் தண்டவாளங்களும்

முதல் உத்தி இது. வீடியோவை முழுதாக வைக்காமல் இரண்டு முதல் பத்து வினாடிவரை ஓடும் சிறு துண்டுகளாக வெட்டிவிடுகிறார்கள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் இதே இடங்களில்தான் வெட்டு விழும். நான்கு இணையான தண்டவாளங்களில் நான்கு ரயில்கள் ஒன்றாகப் புறப்பட்டு, ஒவ்வொரு நிலையத்தையும் ஒரே நேரத்தில் தொடுவதாகக் கற்பனை செய்யுங்கள். நிலையத்தில் நீங்கள் ஒரு ரயிலிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் பயணம் தடைப்படாது. துண்டின் எல்லைதான் அந்த நிலையம். ஒரு துண்டு 5 மெகாபிட் தெளிவிலும் அடுத்த துண்டு 1 மெகாபிட் தெளிவிலும் வந்தாலும் பாடத்தில் ஒரு சொல்கூட விடுபடாது.

எந்தப் படியில் என்னென்ன துண்டுகள் உள்ளன என்ற பட்டியல் ஒன்று முதலில் கைபேசிக்கு வந்து சேர்கிறது. அதன்பின் ஒவ்வொரு துண்டையும் கைபேசிதான் கேட்டு வாங்குகிறது. எந்தப் படியில் வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுவே. அனுப்பும் கணினி ஏன் தீர்மானிக்கவில்லை? ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோருக்கு வழங்கும் அந்தக் கணினி, ஒவ்வொருவர் நிலையையும் கணித்துக்கொண்டிருந்தால் மலைத்துப்போகும். மேலும், தன் திரையின் அளவு என்ன, கையிருப்பு எவ்வளவு, துண்டு வந்து சேர எத்தனை வினாடி ஆயிற்று என்பவற்றை நேரடியாக அறிவது கைபேசி ஒன்றே. ஆப்பிள் நிறுவனம் இத்தகைய முறை ஒன்றை 2009-இல் கொண்டுவந்தது. 2012-இல் டேஷ் என்ற பெயரில் உலகப் பொதுத்தரம் ஒன்றும் வெளியாயிற்று.

தொட்டிக் கணக்கு

இரண்டாவது உத்தி நம் வீட்டு மாடியிலேயே இருக்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் ஒரு வேளை வேகமாகவும் ஒரு வேளை மெதுவாகவும் வரும். ஆனால் மேல்நிலைத் தொட்டி இருந்தால் சமையலறைக் குழாயில் தண்ணீர் எப்போதும் ஒரே சீராக விழும். கைபேசியும் அவ்வாறே சில வினாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே வாங்கித் தன் நினைவகத்தில் தேக்கி வைக்கிறது. பஃபர் எனப்படுவது இத்தேக்கமே.

இத்தொட்டியின் நீர்மட்டத்தை லிட்டரால் அல்லாமல் வினாடியால் அளப்பதே வசதி. வலையமைப்பின் வேகம் வினாடிக்கு C மெகாபிட் என்றும், தேர்ந்தெடுத்த படியின் பாரம் வினாடிக்கு R மெகாபிட் என்றும் கொள்வோம். ஒரு வினாடியில் வந்து சேர்வது C/R வினாடிப் படம். அதே ஒரு வினாடியில் நாம் பார்த்துத் தீர்ப்பது ஒரு வினாடிப் படம். எனவே மட்டம் வினாடிக்கு (C/R – 1) வினாடி வீதம் மாறும்.

இப்போது பேருந்து ஊரைத் தாண்டட்டும். தேக்கம் 20 வினாடி. படத்தின் பாரம் 5 மெகாபிட். வேகம் 2 மெகாபிட்டாகக் குறைகிறது. C/R = 0.4. மட்டம் வினாடிக்கு 0.6 வீதம் இறங்கும். 20-ஐ 0.6-ஆல் வகுத்தால் சுமார் 33 வினாடியில் தொட்டி வறண்டுவிடும். அதன்பின் என்ன ஆகும்? 4 வினாடி ஓடும் துண்டு ஒன்று 20 மெகாபிட். அது வந்து சேர 10 வினாடி ஆகும். ஆக, 4 வினாடி ஓட்டம், 6 வினாடி நிறுத்தம் என்று பாடம் தடுக்கித் தடுக்கிச் செல்லும். ஒரு தேற்றத்தின் நிறுவலை இப்படிக் கேட்டு யாரால் விளங்கிக்கொள்ள முடியும்?

கைபேசி 20-ஆவது வினாடியில் விழித்துக்கொண்டு 1 மெகாபிட் படிக்கு இறங்குவதாகக் கொள்வோம். அப்போது தேக்கத்தில் மீந்திருப்பது 8 வினாடி. இனி C/R = 2. மட்டம் வினாடிக்கு ஒரு வினாடி வீதம் ஏறும். 12 வினாடியில் தொட்டி பழைய நிலையை அடையும். நீங்கள் கண்டதோ சற்று மங்கல் மட்டுமே.

வேகத்தை நம்பலாமா?

அடுத்த துண்டை எந்தப் படியில் கேட்பது? வருங்கால வேகத்தை யாரும் அறியார். சென்ற துண்டுகள் வந்த வேகத்தைச் சராசரி எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. இதில் ஒரு கண்ணி உண்டு. தலா 8 மெகாபிட் கொண்ட இரு துண்டுகளில் ஒன்று 8 மெகாபிட் வேகத்திலும், மற்றொன்று 2 மெகாபிட் வேகத்திலும் வந்தன. சராசரி 5 என்று சொல்லத் தோன்றும். ஆனால் முதலாவதற்கு 1 வினாடி, இரண்டாவதற்கு 4 வினாடி. 16 மெகாபிட்டுக்கு 5 வினாடி. உண்மைச் சராசரி 3.2 தான். போகும்போது ஒரு வேகம், திரும்பும்போது ஒரு வேகம் என்று வரும் சைக்கிள் கணக்கில் நீங்கள் பயன்படுத்தும் இசைச் சராசரி இதுவே.

சராசரியைச் சரியாக எடுத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள். தொட்டி நிறைந்ததும் கைபேசி சற்றுச் சும்மா இருக்கிறது. அந்த இடைவெளியில் வேறொரு பெரிய கோப்பின் இறக்கம் பாதையைப் பிடித்துக்கொள்கிறது. கைபேசி மீண்டும் கேட்கும்போது வேகம் மெதுவாகத்தான் கூடும்; ஆகவே அளந்த வேகம் குறைவாகத் தெரிகிறது. குறைவு என்று எண்ணிச் சிறிய துண்டைக் கேட்கிறது. சிறிய துண்டோ வேகம் கூடுவதற்குள் வந்து முடிந்துவிடுகிறது. அளவு மேலும் குறைகிறது. இப்படியே அது கீழ்ப்படிக்குச் சறுக்கிவிடும். பாதையில் இடம் இருந்தும் படம் மங்கலாகவே இருக்கும்.

இதற்கு மாற்றாக அவர்களுள் சிலரும் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட யோசனை எளிமையானது. வேகத்தை ஊகிப்பதை விட்டுத் தொட்டியைப் பார். மட்டம் தாழ்ந்திருந்தால் கீழ்ப்படி, நிறைந்திருந்தால் மேற்படி, இடையே இருந்தால் அதற்கேற்ற படி. வேகம் என்பது ஊகம். மட்டமோ கண்முன் உள்ள உண்மை. வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதில் ஏற்கனவே கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உண்மையான பார்வையாளர்களிடம் இதைச் சோதித்தபோது, அதுவரை அந்நிறுவனம் பயன்படுத்திய முறையைக் காட்டிலும் படம் நின்று நின்று ஓடும் வீதம் 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. தொடக்கத்தில் தொட்டி காலியாக இருக்குமல்லவா? அப்போது மட்டும் வேக மதிப்பீட்டின் துணை வேண்டியிருந்தது.

நிறுத்தத்தைத் தவிர்ப்பதில் இவ்வளவு அக்கறை ஏன்? கிருஷ்ணன், சீதாராமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் 2 கோடியே 30 இலட்சம் வீடியோக் காட்சிகளை ஆராய்ந்தனர். படம் தொடங்க 2 வினாடிக்கு மேல் ஆனாலே மக்கள் விட்டுச் செல்லத் தொடங்குகின்றனர் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு வினாடித் தாமதத்துக்கும் விட்டுச் செல்வோர் வீதம் 5.8 சதவீதம் கூடுகிறது என்றும் கண்டனர். மனிதனின் பொறுமையும் இந்தக் கணக்கில் ஓர் உறுப்பு!

நேரலை வகுப்பில்

ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் இணைய வகுப்பில் இந்தத் தொட்டி பயன்படாது. 20 வினாடித் தேக்கம் வைத்தால் நீங்கள் கேட்ட ஐயம் ஆசிரியரைச் சேர்வதற்குள் அவர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். பேச்சு இயல்பாக இருக்கவேண்டுமானால் ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை. தொட்டி ஏறக்குறைய இல்லாத நிலையில், அனுப்பும் பக்கமும் விழிப்பாக இருந்து பாரத்தை உடனுக்குடன் மாற்ற வேண்டும். இங்கே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது படத்தின் தெளிவையே. குரலுக்கு வினாடிக்குச் சில பத்தாயிரம் பிட்டுகள் போதும். படம் முற்றிலும் மறைந்தாலும் குரல் கேட்டால் வகுப்பு நடக்கும்; குரல் அறுந்தால் எவ்வளவு தெளிவான படமும் வீணே.

கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது இந்த உண்மை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அலுவலகம், பள்ளி, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே பாதைக்கு வந்தன. ஐரோப்பாவில் வீடியோ நிறுவனங்கள் தம் பாரத்தைக் குறைக்க இசைந்தன. இந்தியாவிலும் மார்ச் 24 அன்று அந்நிறுவனங்கள் கூடி, கைபேசி வலையமைப்பில் ஏப்ரல் 14 வரை 480 வரித் தெளிவுக்கு மேல் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தன. ஏணியில் மேற்படிகளைத் தற்காலிகமாகக் கழற்றி வைத்தார்கள் எனலாம். ஒருவர் வீட்டில் சினிமா சற்று மங்கியது. அந்த இடத்தில் மற்றொருவர் வீட்டில் வகுப்பு நடக்க வழி கிடைத்தது. 1986-இன் பாடத்தை இம்முறை மறக்கவில்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு

இந்த ஏணி உங்கள் கையிலும் இருக்கிறது. வீடியோவின் அமைப்புப் பகுதியில் தெளிவின் அளவுகள் வரிசையாக இருப்பதைப் பாருங்கள். 5 மெகாபிட் படியில் ஒரு மணி நேரம் பார்த்தால் 18,000 மெகாபிட். 8-ஆல் வகுத்தால் 2,250 மெகாபைட். 1 மெகாபிட் படியிலோ 450 மெகாபைட்தான். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் மட்டும் பெறும் வீட்டில், முதற்படியில் பார்த்தால் ஒரு மணி நேரப் பாடம்கூட முடியாது. இரண்டாவதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் படிக்கலாம். உள்ளங்கையளவுத் திரையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. தேக்கம் 15 வினாடி. பார்ப்பது 5 மெகாபிட் படி. வேகம் 3 மெகாபிட்டாகக் குறைந்துவிட்டது. படி மாறாவிட்டால் எத்தனை வினாடியில் படம் நிற்கும்? 2.5 மெகாபிட் படிக்கு இறங்கினால் மட்டம் எவ்வளவு வேகமாக ஏறும்? 1 மெகாபிட் படிக்கு இறங்கினால்? இரண்டுமே படத்தை நிற்காமல் காக்கும். ஒன்றில் தெளிவு கூடுதல், மற்றொன்றில் சேமிப்பு கூடுதல். நீங்கள் செல்லும் ரயில் இன்னும் அரை நிமிடத்தில் ஒரு நீண்ட சுரங்கப் பாதைக்குள் நுழையப்போகிறது என்று தெரிந்தால், இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? விடையைக் காரணத்தோடு ஏட்டில் எழுதி, நண்பருடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.